மழை நாளில் மட்டும் வெள்ளை

"அத்தே, ஆத்துக்கு வயிறு வலிச்சா அது யாருக்குப் போன் போடும்?"

ஆடி அமாவாசைக்குக் குழித்துறையில் முன்னோருக்குப் பலியிடும் வாவுபலித் திருவிழா கூடியிருந்தபோது, ஆற்றுப் படியில் நின்றுகொண்டு சிவப்ரியா இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுடைய அத்தை அழகியநாயகிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. துப்பறிகிற தொழிலில் இருப்பவளுக்கு, பதில் தெரியாத கேள்வி என்பது பல் இடுக்கில் மாட்டிய பாக்குத் துண்டு மாதிரி. நாக்கு திரும்பத் திரும்ப அங்கேதான் போகும்.

சிவப்ரியா வளர்ந்து, பாவாடை சட்டையிலிருந்து சுடிதாருக்கு மாறி, அந்தக் கேள்வியையும் மறந்துவிட்டாள். அத்தைக்கு அது மறுபடி நினைவுக்கு வந்தது ஐப்பசி மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில்.

நாகர்கோவிலில் ஒரு தையல் கடையின் மாடியில் இருந்தது 'நாயகி விசாரணை நிலையம்'. விசாரணை என்றால் பெரும்பாலும் கல்யாண விசாரணை. பெண் வீட்டாருக்காக மாப்பிள்ளையை விசாரிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பெண்ணை விசாரிப்பார்கள். ஒரு முறை ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் இவர்களிடமே வந்து, இரண்டு பக்கமும் திருப்தியாகி, சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பக்கமும் இவர்களைக் கண்டு திருதிருவென்று விழித்ததும் உண்டு.

நிலையத்தில் ஆட்கள் இரண்டே பேர். நெற்றியில் திருநீறும் கையில் குடையுமாக அழகியநாயகி. அவளுக்கு உதவியாளர் கோலப்பன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான், வாய் இன்னும் டியூட்டியில் இருந்தது.

"தங்கச்சி, ஒரு பார்ட்டி படியில நிக்கிது. ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது," என்றார் கோலப்பன்.

நனைந்த சேலையும் கையில் ஒரு காகிதமுமாக வந்து உட்கார்ந்தவள் பெயர் தேவகனி. பூவன்குழி பேரூராட்சியில், வீட்டிலேயே தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவள். கணவன் குமாரதாஸ் கல்ஃபில் முதுகை ஒடித்துக்கொண்டு திரும்பியவன், ஸ்கூட்டரில் பாக்கெட் கொண்டுபோய்ப் போடுவான். அந்த வீட்டுக்கு அடுப்பு எரிவதும், மகள் அபிதா கல்லூரிக்குப் போவதும் அந்த ஒற்றை கிரைண்டரால்தான்.

"எங்க வீட்டுக்குப் பின்னால மழைத்தண்ணி ஓடை போகுது. அதுல சில நாளு வெள்ளையா வெள்ளம் வருது. யாரோ ஒருத்தன் ஆபீசுக்குப் போன் போட்டுப் போட்டுச் சொல்லுதான். அவங்க வந்து பாத்துட்டு, மாவுத் தண்ணி நாந்தான் கொட்டுதேன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. நாளைக்கு வந்து கிரைண்டர் ரூமுக்கு சீல் வைப்பாங்களாம். அக்கா, கர்த்தர் மேல ஆணையா, கல்லு கழுவுன தண்ணி ஒரு வாளி வரும். ஒரு வாளியில ஓடை முழுக்க வெள்ளையாகுமா?"

"ஆகாது. ஒரு வாளி பாலை பஸ் ஸ்டாண்டு சாயாக்கடையில குடுத்துப் பாரு, ஊர் முழுக்க சாயா ஆகும். அது வேற கணக்கு," என்றார் கோலப்பன்.

அழுதுகொண்டு வந்தவள் சிரித்துவிட்டாள். அழகியநாயகி குடையை எடுத்தாள்.

தேவகனியோடு ஏறிய பஸ்ஸில் கோலப்பன் உட்காரவே இல்லை. பழக்க தோஷம். முன்னால் போகச் சொல்லி இரண்டு பேரை நகர்த்தியும் விட்டார். மேற்கே போகப் போக வயல் மறைந்து ரப்பர் மரங்கள் வந்தன. பூவன்குழியில் இறங்கும்போது மழை தூற ஆரம்பித்திருந்தது.

பேரூராட்சி அலுவலகத்தில் சுகாதார மேற்பார்வையாளர் ஹரிகுமார் இருந்தார். கெட்டவர் இல்லை. அவசரக்காரர். கெட்டவர்களை விட அவசரக்காரர்களால்தான் இந்த உலகத்தில் அதிகம் பேர் அழுகிறார்கள் என்பது அழகியநாயகியின் அனுபவம்.

"மேடம், நான் சும்மா ஒட்டல," என்றார் ஹரிகுமார். "ஓடை மேல இருந்து ஸ்லாப் போட்டு மூடி வருது. ஸ்லாப் முடியறது இவங்க வீட்டுப் பின்பக்கம். வெள்ளை தெரியறது அங்கேருந்து. ஊருல வெள்ளையா இருக்கிறது ரெண்டே சாமான். ஒண்ணு மாவு, இன்னொண்ணு ரப்பர் பால்."

"ரப்பர் பாலா இருக்கக் கூடாதா?"

ஹரிகுமார் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். சாயா கொண்டுவந்த அம்மாள்கூடச் சிரித்தாள்.

"நீங்க கிழக்கே நெல்லுக்காரங்க, அதான் கேக்குறீங்க. வெள்ளை வாறது மழை நாள்ல மட்டும். மழை நாள்ல ரப்பர் வெட்டு கிடையாது மேடம். மரத்துல பட்டை நனைஞ்சா பால் வெட்ட மாட்டாங்க. வெட்டு இல்லாத அன்னைக்குப் பால் எங்கேருந்து வரும்? இது எங்க ஊர்ல பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்."

கோலப்பனும் தலையாட்டினார். "சரிதான் தங்கச்சி. நான் இந்த ரூட்டுல எத்தனை வருசம் ஓடுனவன். மழை பெஞ்சா வெட்டுகாரங்க பஸ்ஸுல ஏற மாட்டாங்க."

தேவகனியின் முகம் சுருங்கியது. அழகியநாயகி ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் மேஜை மேல் இருந்த போன் அடித்தது. ஹரிகுமார் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஓடையில வெள்ள வெள்ளம் வருது சாரே. வந்து பாருங்க." ஓர் ஆண் குரல். அதோடு லைன் கட்டாகிவிட்டது.

"பாத்தியளா? அவனேதான். எப்பமும் இவ்வளவுதான் சொல்லுவான்," என்றார் ஹரிகுமார், அதற்குள் ஒரு கையை மழைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு.

நான்கு பேரும் ஒரே ஆட்டோவில் ஏறி ஓடைக்கரைக்குப் போனார்கள். கோலப்பன் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்போடு தொங்கி, "ரைட்" சொன்னார்.

தேவகனியின் வீட்டுப் பின்புறம் ஓடை கொஞ்ச தூரம் திறந்து ஓடி, பிறகு ரோட்டுக்கு அடியில் ஒரு கலுங்கு வழியாகப் புகுந்து ஆற்றுக்குப் போனது. கலுங்கு வாயில் கம்பி வைத்திருந்தார்கள். அங்கே ஏதோ அடைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கி, தேவகனியின் முற்றத்தில் கணுக்கால் அளவுக்கு ஏறி நின்றது. கிரைண்டர் அறையின் படி நனைந்துகொண்டிருந்தது.

ஓடையில் வந்தது செம்மண் தண்ணீர். வெள்ளை இல்லை.

"சவத்தெளவு, பொய்யா போன் போட்டானா?" என்றார் ஹரிகுமார்.

தேவகனியின் கழுவு தண்ணீர் விழுகிற குழாய் அருகில் பக்கத்து வீட்டு வாத்துகள் ஐந்தாறு அலகால் தண்ணீரைச் சலித்துக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து அபிதா ஒரு செம்பு மாவுத் தண்ணீரைக் குழாயில் விட, வாத்துகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடி வந்தன.

"கல்யாணப் பந்தியில பாயசம் வாறப்ப நம்ம ஆளுங்க இப்படித்தான்," என்றார் கோலப்பன்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. ஸ்லாப்பின் அடியிலிருந்து, செம்மண் தண்ணீரின் நடுவே, ஒரு வெள்ளைக் கோடு நெளிந்து வந்தது. கோடு தடித்தது. பிறகு ஓடை முழுக்கப் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துப் போனது.

"இதோ," என்றார் ஹரிகுமார்.

"அதோ," என்றாள் அழகியநாயகி. அவள் காட்டியது தண்ணீரை அல்ல, வாத்துகளை. ஐந்தாறும் வரிசையாகக் கரையேறி, சிறகை உதறிக்கொண்டு, வாழை மரத்தடிக்குப் போய் நின்றுவிட்டன.

"வெள்ளை வாற அன்னைக்கெல்லாம் இதுக இப்படித்தான் கரையேறிரும்," என்றாள் தேவகனி.

"மாவுத் தண்ணிக்கு அடிச்சுப் பிடிச்சு ஓடி வாற வாத்து, மாவுத் தண்ணியைக் கண்டு கரையேறுமா சார்?"

ஹரிகுமார் மோவாயைத் தடவினார். "ஏறாதுதான். ஆனா வாத்து சாட்சிக் கையெழுத்துப் போடாதே மேடம்."

"போடாது. சரி, போன் போட்டவர் போடுவாரா? அவர் போன் போட்டப்ப இங்க வெள்ளை இல்ல. நாம ஆட்டோ பிடிச்சு, இறங்கி, வாத்தை வேடிக்கை பாத்த பிறகுதான் வந்துது. வராத வெள்ளத்தை வந்துதுன்னு அவர் எப்படிச் சொன்னார்?"

ஹரிகுமார் யோசித்தார். "முந்தியும் இப்படித்தான். நான் வந்து நின்னு கொஞ்சம் கழிச்சுத்தான் வரும். நான் நல்ல வேகமா வாறேன்னு நெனச்சேன்."

"ஜோசியக்காரனா இருப்பானோ?" என்றார் கோலப்பன். "இல்லேன்னா எதிர்க்கடை மாவுக்காரன். எனக்கு எவனாவது பாக்கெட் மாவுக் கம்பெனிக்காரன் மேலதான் சந்தேகம். தேவகனி மாவு புளிப்பு பதமா இருக்கும்னு ஊர் பேச்சு. பொறாமை."

அழகியநாயகி பதில் சொல்லாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கலுங்குப் பக்கம் இறங்கினாள். கம்பியில் அடைத்துக்கொண்டிருந்ததைக் குடை நுனியால் குத்தினாள். குடை நுனி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். அது நீண்டு வந்தது. விட்டாள். 'டப்'பென்று திரும்பிப் போனது.

கோலப்பன் அருகில் வந்து முகர்ந்து பார்த்தார். "பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை. காசு குடுக்காமலே உள்ள போன மாதிரி இருக்கு. தங்கச்சி, மாவு இப்படி நீண்டா தோசையை மடக்கிக் குடையாப் பிடிக்கலாமே."

"ஒட்டுப்பால்," என்றாள் தேவகனி மெல்ல. "ரப்பர் பால் உறைஞ்ச கட்டி. பால் கெடாம இருக்கப் போடுத மருந்து மணமும் அடிக்குது."

ஹரிகுமாரும் இறங்கி வந்து இழுத்துப் பார்த்தார். அவர் அந்த ஊரிலேயே பிறந்தவர். ரப்பரை ரப்பர் என்று சொல்ல அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இத்தனை நாளும் அவர் குனிந்து பார்க்காததற்குக் காரணம் சோம்பல் அல்ல. மழை நாளில் ரப்பர் இல்லை என்பது அவருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்.

"ஆனா மழை நாள்ல வெட்டு இல்லையே," என்றார் மறுபடி, பரிதாபமாக.

அழகியநாயகி கோலப்பனிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, உங்க டிப்போவுல பஸ்ஸை எப்பம் நல்லா தேச்சுக் கழுவுவாங்க?"

"அதுக்கு எங்க நேரம்? ஓடுத அன்னைக்கு ரெண்டு வாளி வீசி ஊத்துவான். தேச்சுக் குளிப்பாட்டணும்னா ஊர்ல பந்த் வரணும். பஸ் ஓடாத அன்னைக்குத்தான்..."

கோலப்பன் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது. கண்டக்டராக இருந்த காலத்தில்கூட அவர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டதில்லை.

"வெட்டு இல்லாத அன்னைக்குப் பால் வராது," என்றாள் அழகியநாயகி. "பால் வராத அன்னைக்குப் பால் பிடிக்கிற பேரல் எல்லாம் காலியா இருக்கும். வேலைக்காரங்க கையும் காலியா இருக்கும். பேரலைக் கழுவ அதை விட நல்ல நாள் ஏது? கழுவுன தண்ணியைக் கொண்டுபோகக் கடவுளே மழையும் அனுப்புதார்னு நெனச்சிருப்பாங்க."

ஹரிகுமார் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். நல்ல மனிதருக்கு அடையாளம் அது. அடுத்தவர் தலையைத் தேடவில்லை.

"மேல பால் எடுக்கிற ஷெட் ஒண்ணே ஒண்ணுதான். முத்துநாயகம் முதலாளியோடது," என்றார். "ஆனா மேடம், அவரு பேரல் கழுவ ஷெட்டுக்குள்ளேயே குழி வெட்டி வச்சிருக்கார். லைசென்ஸ் குடுக்கும்போது நானே பாத்தேன். பெரிய மனுசன். ஞாயித்துக்கிழமை அய்யாவழித் தாங்கல்ல அன்னதானம் நடத்துதவரு. கட்டி மட்டும் வச்சு அவரு மேல எழுதினா, கட்டி எந்தக் காலத்துலேயோ வந்ததுன்னு சொல்லிருவார்."

"நீங்க ஆபீசுல இருங்க சார். நான் போய்க் குழியைப் பாத்துட்டு வாறேன்."

தேவகனி அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நாளைக்கு..."

"நாளைக்கு விடிய இன்னும் நேரம் கிடக்கு மக்கா. நீ அரிசியை ஊறப்போடு."

மேட்டில் ஏறும்போது கோலப்பனுக்கு மூச்சு வாங்கியது. வழியெல்லாம் ஸ்லாப்பின் இடுக்குகளில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் ஷெட்டின் மதில் வரைக்கும் வந்தது. மதிலுக்கு மேலே, ஓடை வெறும் புல்லும் செம்மண்ணுமாக இருந்தது.

ஷெட்டில் நீல நிற பேரல்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் பளபளத்தன. முத்துநாயகம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் நீண்ட வெள்ளை நாமம். வெள்ளை வேட்டி. முகத்தில் கள்ளம் இருப்பதாகவே தெரியவில்லை.

"நாங்க ரப்பர் பத்திப் படிக்க வந்திருக்கோம்," என்றார் கோலப்பன், படிப்புக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத முகத்தோடு.

"இந்த வயசுலயா?"

"கண்டக்டர் வேலையில படிக்க விடல ஐயா. எந்த ரூட்டுன்னு கேக்குதியளா? சொல்லுதேன், இருங்க." கோலப்பன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரூட் கதை ஆரம்பித்தால் அவர் டெர்மினஸ் வரைக்கும் இறங்க மாட்டார் என்று அழகியநாயகிக்குத் தெரியும். அவள் ஷெட்டைச் சுற்றிப் பின்னால் போனாள்.

கழுவு குழி அங்கே இருந்தது. சிமெண்ட் பூசிய, சுண்ணாம்பு அடித்த, ஒழுங்கான குழி. அடியில் சருகும் மண்ணும் மக்கிக் கிடந்தது. அந்த மண்ணில் ஒரு பூசணிக் கொடி முளைத்து, சுவர் ஏறி, வெளியே வந்து, மஞ்சள் பூவாகப் பூத்துச் சிரித்தது. ஒரு பிஞ்சும் வைத்திருந்தது.

அதைப் பார்த்து அழகியநாயகியும் சிரித்தாள்.

குழிக்குப் பக்கத்தில், கையில் பிரஷ்ஷோடு ஒருவன் நின்றிருந்தான். தாடியில் ரப்பர் துளி உலர்ந்து ஒட்டியிருந்தது. அவள் யார் என்று கேட்கவில்லை. எதற்கு வந்தாள் என்றும் கேட்கவில்லை.

"அந்த மாவுக்கார அக்காவுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றான்.

அழகியநாயகி அவனை உற்றுப் பார்த்தாள். அவள் மாவைப் பற்றியோ ஓடையைப் பற்றியோ இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அந்தக் குரலை அவள் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ஸ்பீக்கரில் கேட்டிருந்தாள்.

"போன் போடுறது நீங்கதானா?"

அவன் முன்பக்கம் எட்டிப் பார்த்தான். கோலப்பன் அங்கே குலசேகரத்தில் ஒரு ஆட்டுக்கு டிக்கெட் போட்ட கதையில் இருந்தார்.

"என் பேரு முருகதாஸ். கழுவுறதும் நாந்தான், அதுக்கு முந்தி போன் போடுறதும் நாந்தான்," என்றான் அவன். "மதில்ல ஒரு ஓட்டை இருக்கு. அது வழியா ஓடைக்கு விடச் சொல்லி முதலாளி சொல்லிட்டாரு. குழியை நிரப்பினா, பொறவு அதைக் கோரி எடுத்து, சுண்ணாம்பு போட்டு... ரெண்டு ஆளு வேலை. மழையில விட்டா கரைஞ்சு போகும்னு சொல்லுதாரு. கரையாதுக்கா. நான் சாயந்திரம் அந்த ஆத்துலதான் குளிக்கேன். மீன் செத்து மெதக்குதது எனக்குத்தான் தெரியும்."

"முதலாளி பேரைச் சொல்லியிருக்கலாமே."

"எங்க அம்மைக்கு நெஞ்சு வலி வந்தப்ப, ஜீப்பை எடுத்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவருதான். ராத்திரி முழுக்க வராந்தாவுல இருந்தாரு. அந்த மனுசனை எப்படிக் காட்டிக் குடுக்கது? எனக்கு வேலையும் வேணும், ஆறும் வேணும். அவங்களே வந்து, ஸ்லாப்பைத் தூக்கி, மேல ஏறி வந்து கண்டுபிடிப்பாங்கன்னு நெனச்சேன். கீழ நின்னே மாவுன்னு முடிச்சிருவாங்கன்னு ஆரு கண்டா? நோட்டீஸ் ஒட்டினது நேத்துத்தான் தெரியும். அந்த அக்கா முகத்துல முழிக்க முடியல."

"நேத்தே தெரிஞ்சும் இன்னைக்கு ஏன் போன் போட்டிய?"

"இன்னைக்காவது மேல வருவாங்கன்னுதான்."

ஊரெல்லாம் எதிரி என்று தேடிய குரல் இதுதான். ஒரு கையால் விஷம் விட்டுக்கொண்டு மறுகையால் மணி அடித்தவன். ஆற்றுக்கு வயிறு வலித்தபோது அதற்காகப் போன் போட்டவன். அழகியநாயகிக்குக் கோபம் வரவில்லை. மனசாட்சி பயத்தோடு வந்தால் இப்படித்தான் பாதி தூரம் வந்து நின்றுவிடும். மீதி தூரத்துக்கு யாராவது கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"முருகதாஸ், இனி நீங்க போன் போட வேண்டாம்," என்றாள். "இந்த மாதிரி விஷயத்துக்கு நான் போடுதேன். என் பேரோட."

அவள் முன்பக்கம் வந்தபோது, கோலப்பனின் ஆடு பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. முத்துநாயகம் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றாள் அழகியநாயகி. "உங்க கழுவு குழியில பூசணி நல்லா பிடிச்சிருக்கு."

சிரிப்பு நின்றது.

"மருந்துத் தண்ணி விழுத குழியில புல்லுகூட முளைக்காது. பூ பூத்து, பிஞ்சும் விட்டிருக்குன்னா, அதுல தண்ணி விட்டுக் காலம் ஆச்சுன்னு அர்த்தம். ஆனா பேரல் எல்லாம் பளபளன்னு இருக்கு. பின்ன, கழுவுன தண்ணி எங்க போச்சு?"

முத்துநாயகம் எழுந்தார். "நீங்க ஆரு? ஆரு சொல்லி வந்திய? இங்க உள்ளவன் எவனோ பறஞ்சிருக்கான். எவன்னு சொல்லுங்க."

"உங்க பூசணிக் கொடி சொல்லிச்சு. வேணும்னா அதை வேலையை விட்டு நிறுத்துங்க."

கோலப்பன் இருமிச் சிரிப்பை விழுங்கினார்.

"மழையில கரைஞ்சு போற சாமான்," என்றார் முத்துநாயகம், குரல் தணிந்து. "மழைத்தண்ணி ஓடைதானே அது. ஆருக்கு என்ன கேடு?"

"அது எங்க போகுதுன்னு ஒரு நாள் இறங்கிப் பாத்தியளா ஐயா? கீழ கலுங்கு அடைச்சுக் கிடக்கு. தேவகனின்னு ஒருத்தி. அவ முற்றத்துல தண்ணி நிக்கிது. உங்க வெள்ளைக்கு அவ கிரைண்டரை நாளைக்குப் பூட்டப் போறாங்க. அவ மக காலேஜுக்குப் போறதும் அதோட நின்னுரும். ஞாயித்துக்கிழமை நீங்க நூறு பேருக்குச் சோறு போடுதிய. நல்ல காரியம். சனிக்கிழமை ஒரு வீட்டு அடுப்பை அணைச்சிட்டு, ஞாயித்துக்கிழமை போடுத சோறு எந்தக் கணக்குல சேரும்?"

மழை தகரத்தில் கொட்டியது. முத்துநாயகம் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் அந்த நேரத்தில் வக்கீலின் பெயரைச் சொல்லியிருப்பார். அவர் நெற்றி நாமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை வீட்டைப் பூட்டுதது எனக்குத் தெரியாது," என்றார். "சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னு நானும் நம்புதேன். இப்பம் தெரிஞ்சு போச்சு." அழகியநாயகி தன் போனை நீட்டினாள். "பேரூராட்சி நம்பர் இதுல இருக்கு. எழுதிக் குடுக்கத் தாளும் என்கிட்ட இருக்கு. நான் சொன்னா அது புகார். நீங்க சொன்னா அது மனுசத்தனம். எது வேணும்னு நீங்களே பாத்துக்கிடுங்க. ஆனா ரெண்டுல ஒண்ணு இப்பமே நடக்கும்."

 

முத்துநாயகம் போனை வாங்கினார். பொத்தானைத் தேடினார். கண்ணாடி எங்கே என்று தடவினார். அது நெற்றிக்கு மேலேயே இருந்தது.

"ஹரிகுமாரா? முத்துநாயகம் பேசுதேன். ஓடையில வாற வெள்ளை என்னோடதுதான் மக்கா. அந்த மாவுக்காரப் பிள்ளையை விட்டுரு."

சாயங்காலம் ஹரிகுமார் வந்து குழியையும் மதில் ஓட்டையையும் படம் பிடித்தார். அபராதம் எழுதினார். மதில் ஓட்டை அன்றைக்கே சிமெண்டால் அடைபட்டது. பூசணிக் கொடியை வேரோடு எடுத்து வேலியோரம் நட்டார்கள். முத்துநாயகம் தானே நின்று, பேரல் கழுவுகிற நாளில் இன்னொரு ஆளையும் போட்டார். போன் போட்டவன் யார் என்று அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. தெரிந்தும் கேட்கவில்லையா, தெரியாமல் கேட்கவில்லையா என்பது அவருக்கும் அவர் கும்பிடும் அய்யாவுக்கும்தான் தெரியும்.

தேவகனி வீட்டுச் சுவரில் இருந்த நோட்டீஸை ஹரிகுமார் தன் கையாலேயே கிழித்தார். "கலுங்கு அடைப்பை எடுக்க ஆளு திங்கக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் முற்றத்துத் தண்ணியைப் பொறுத்துக்கிடுங்க. மன்னிச்சிருங்க," என்றார்.

பஸ் ஸ்டாப்பில் கோலப்பன் சொன்னார்: "தங்கச்சி, ஒண்ணு கேக்கட்டா? அந்த போன் ஜோசியக்காரனை நீ கண்டுபிடிச்சிட்டே. உன் முகத்துல எழுதியிருக்கு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க எத்தனை பேருகிட்ட சொல்லுவிய அண்ணாச்சி?"

கோலப்பன் நேர்மையாக யோசித்தார். "ஒரு பஸ் அளவுக்கு."

"நிக்கிற ஆளையும் சேத்தா?"

"சேத்துத்தான்," என்றார் கோலப்பன். வந்த பஸ்ஸில் ஏறி, யாரோ ஒரு புதுக் கண்டக்டருக்கு, படியில் நிற்கிறவர்களை உள்ளே அனுப்புவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. தேவகனியும் குமாரதாஸும் அபிதாவும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் போயிருந்தார்கள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மணியோசையும் பாட்டும் வேதக்கோயிலிலிருந்து மெல்லக் கேட்டன.

முருகதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலுங்குக்குள் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர். கம்பியில் இறுகிக் கிடந்த ரப்பர் கட்டியைக் கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தான். சில துண்டுகள் வரவில்லை, கையால் பிய்த்தான். விரல் கிழிந்தது. கடைசிக் கட்டி வந்தபோது ஓடை ஒரு பெருமூச்சு விட்டது போல் இரைந்து, தண்ணீர் முழுவதும் ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. முற்றம் வடிந்தது. கிரைண்டர் அறைப் படியில் படிந்திருந்த சேற்றை இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினான். கட்டிகளைச் சாக்கில் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு, பாட்டு முடிவதற்குள் மேட்டில் ஏறிப் போய்விட்டான்.

ஆராதனை முடிந்து வந்த தேவகனி, காய்ந்த முற்றத்தையும் கழுவிய படியையும் பார்த்து நின்றாள். பேரூராட்சிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையும் பாராமல் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். திங்கட்கிழமை ஆளோடு வந்த ஹரிகுமார், அவளே கூலிக்கு ஆள் வைத்து எடுத்துவிட்டாள் என்று நினைத்து வெட்கப்பட்டார். இருவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டார்கள்.

மேட்டில் முருகதாஸ், கிழிந்த விரலில் துணி சுற்றிக்கொண்டு, குழிக்குள் இறங்கிப் பேரல் கழுவிக்கொண்டிருந்தான்.